சுமை இரட்டித்தால் தொய்வு ஏன் இரட்டிப்பதில்லை? படிகப் பாலிமர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், நைலான் போன்றவை முழுக்கப் படிகமும் இல்லை, முழுக்கக் கண்ணாடியும் இல்லை. படிகத் தகடுகளும் ஒழுங்கற்ற சங்கிலிகளும் கலந்த பாதிப் படிகப் பாலிமர்கள் அவை. சுமையின் கீழ் இவை நடந்துகொள்ளும் விதம் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. தகைவு என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் விசை என்பது (சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன் என்றால் 1 மெகாபாஸ்கல்). திரிபு என்றால் நீளத்தில் எத்தனை சதவீதம் மாறியது என்பது. சுமை மாறாமல் இருக்க, நேரம் ஆக ஆகத் திரிபு கூடிக்கொண்டே போவதுதான் தவழ்வு. நீளத்தைப் பிடித்து வைத்திருக்க, விசை குறைந்துகொண்டே வருவது தகைவுத் தளர்வு.

கேள்வி: பாலிபுரொப்பிலீன் பலகை ஒன்றை இரு முனையிலும் தாங்கி, நடுவில் 2 கிலோ வைத்தேன். ஒரு மணி நேரத்தில் 6 மி.மீ. தொய்ந்தது. இறக்கி வைத்து, சில நாள் கழித்து அதே பலகையில் 4 கிலோ வைத்தேன். 12 மி.மீ. வரும் என்று பார்த்தால் 14 வந்தது. மறுநாள் அது 19 ஆகிவிட்டது. அளந்ததில் பிழையா?

பதில்: பிழை இருக்க வேண்டியதில்லை. தாங்குமிடத்தில் பலகை வழுக்கவில்லை, இரண்டு முறையும் அறை வெப்பநிலை ஒன்றுதான் என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆனால் நீங்கள் பார்த்தது இரண்டு தனித்தனி விஷயங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.

14 மறுநாள் 19 ஆனது தவழ்வு. 2 கிலோவையும் ஒரு நாள் விட்டிருந்தால் 6 என்பது 8 பக்கம் போயிருக்கும். தவழ்வு இருப்பதாலேயே ஒரு பொருள் நேரியல் தன்மையை (சுமையும் திரிபும் ஒரே விகிதத்தில் கூடுவதை) இழந்துவிடாது. பாகுமீள்மை என்பது பாகுபோல் ஓடுவதும் ஸ்பிரிங்போல் மீள்வதும் கலந்த குணம். நேரியல் பாகுமீள்மைக்கான கூட்டல் விதியை 1874-லேயே லுட்விக் போல்ட்ஸ்மன் சொல்லிவிட்டார்: ஒவ்வொரு சுமையும் தன் பங்குத் திரிபைத் தனியாக உண்டாக்கும், எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் கிடைக்கும். அந்த விதிப்படி சுமை இரண்டு மடங்கானால், அதே ஒரு மணி நேரத்தில் தொய்வும் சரியாக இரண்டு மடங்காக வேண்டும்.

உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் 12-க்குப் பதில் 14 வந்ததே, அந்த 2 மி.மீ.தான் நேரிலித் தன்மை. எப்போதும் ஒரே நேரப் புள்ளியில் வைத்து ஒப்பிடுங்கள். 2 கிலோவின் ஒரு மணி அளவையும் 4 கிலோவின் ஒரு நாள் அளவையும் பக்கத்தில் வைத்தால் எதுவும் விளங்காது.

காரணம் உள்ளே நடக்கும் தாவல்களில் இருக்கிறது. சங்கிலித் துண்டு ஒன்று ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவ ஒரு தடையைத் தாண்ட வேண்டும். வெப்ப அதிர்வு அதைத் தாண்ட வைக்கிறது. தகைவு அந்தத் தடையை ஒரு பக்கம் சாய்த்துக் கொடுக்கிறது. ஹென்றி அயரிங் 1936-இல் தந்த கோட்பாட்டின்படி, தாவல் வேகம் தகைவுக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை; அதிபரவளைய சைன் (sinh) சார்பைப் பின்பற்றுகிறது: முதலில் நேர்கோடு மாதிரி, பிறகு மேலும் மேலும் செங்குத்தாக. தாவும் துண்டின் செயற்கனஅளவு (தகைவு தடையை எவ்வளவு சாய்க்கும் என்று சொல்லும் அளவு) 1 கன நானோமீட்டர் என்றும் வெப்பநிலை 23 டிகிரி என்றும் வைத்துக் கணக்குப் போடுங்கள். 2 மெகாபாஸ்கலில் நேர்விகிதத்திலிருந்து விலகல் 4 சதவீதம். அது யார் கண்ணிலும் படாது. 4-இல் 17 சதவீதம். 10 மெகாபாஸ்கலில் நேர்விகிதம் சொல்வதைப்போல் 2.3 மடங்கு வேகம். கோடு ஓரிடத்தில் சட்டென்று உடைவதில்லை, மெல்ல வளைகிறது. அதனால்தான் “நேரியல் எல்லை எத்தனை?” என்று கேட்பவரிடம், “எத்தனை சதவீத விலகலைப் பொறுத்துக்கொள்வீர்கள்?” என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: படிகம் என்றால் உப்புக்கல் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டாமா? படிகம் கூடக் கூடத் தவழ்வு நின்றுவிட வேண்டாமா?

பதில்: குறையும், நிற்காது. பாலிஎத்திலீனில் 10 முதல் 20 நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகளாகப் படிகம் அமைகிறது. நீண்ட சங்கிலி அந்தத் தகட்டுக்குள் மடிந்து மடிந்து போகிறது என்பதை 1957-இல் ஆண்ட்ரூ கெல்லர் காட்டினார். தகடுகளுக்கு நடுவே ஒழுங்கற்ற பகுதி. அறை வெப்பநிலையில் பாலிஎத்திலீனின் அந்தப் பகுதி ரப்பர் மாதிரி இளகி இருக்கும். ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்குப் போகும் இணைப்புச் சங்கிலிகள் அதன் வழியே ஓடுகின்றன. சுமை ஏறும்போது முதலில் அசைவது இந்த இடைப்பகுதிதான்.

படிகமும் சும்மா இருப்பதில்லை. பாலிஎத்திலீன் படிகத்துக்குள் சங்கிலி 180 டிகிரி முறுகி, ஒரு கார்பன் அளவு, அதாவது 0.127 நானோமீட்டர், முன்னே நகரும். நகர்ந்த பிறகு படிகம் பார்ப்பதற்கு முன்பிருந்த மாதிரியேதான் இருக்கும், சங்கிலி மட்டும் ஒரு படி தள்ளிப் போயிருக்கும். இப்படிப் படிப்படியாகச் சங்கிலி படிகத்திலிருந்து இடைப்பகுதிக்குள் வழிகிறது. வெப்பமும் தகைவும் இந்த நகர்வை வேகப்படுத்தும். திரிபு சில சதவீதத்தைத் தாண்டினால் தகடுகளே ஒன்றன்மேல் ஒன்று சறுக்க ஆரம்பிக்கும். அதற்கு மேலே தகடுகள் உடைந்து துண்டாகும். அந்தக் கட்டம் வந்தபின் அது பாகுமீள்மை இல்லை, நிரந்தர உருமாற்றம்.

கேள்வி: ஆய்வகத்தில் பாலிபுரொப்பிலீனுக்குத் தவழ்வுச் சோதனை செய்கிறேன். வெவ்வேறு தகைவில் எடுத்த இணக்க (திரிபைத் தகைவால் வகுத்த) வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை. குறைந்த தகைவு வளைவுகள்கூட ஒத்துப்போகவில்லை. இது நேரிலித் தன்மையா, என் தவறா?

பதில்: அதிகத் தகைவில் பிரிந்தால் பொருளின் குணம். குறைந்த தகைவிலேயே பிரிந்தால் பெரும்பாலும் அளவீட்டின் குணம். ஏன் என்று எண்களோடு பார்ப்போம்.

வழக்கமான இழுவைச் சோதனைத் துண்டின் நடுப்பகுதி 10 மி.மீ. அகலம், 4 மி.மீ. தடிமன்; பரப்பு 40 சதுர மி.மீ. 2 மெகாபாஸ்கலுக்கு 80 நியூட்டன், அதாவது 8.16 கிலோ தொங்கவிட வேண்டும். 10 மெகாபாஸ்கலுக்கு 40.8 கிலோ. 2 மெகாபாஸ்கலில் 100 வினாடித் திரிபு 0.16 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. அளவீட்டு நீளத்தில் அது 0.08 மி.மீ., அதாவது 80 மைக்ரான். 0.01 மி.மீ. பிரிக்கும் டயல் கேஜை மாட்டியிருந்தால் அதன் ஒரு கோடே 12 சதவீதம்! அதில் நேரியல் தன்மையைச் சோதிக்க முடியாது. 1 மைக்ரானுக்குக் கீழே பிரிக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் (துண்டின் நீட்சியை அதன் மேலேயே அளக்கும் கருவி) வேண்டும்.

அடுத்தது வெப்பநிலை. பாலிபுரொப்பிலீன் டிகிரிக்குச் சுமார் 0.012 சதவீதம் விரியும். அறை 2 டிகிரி ஏறினால் 0.024 சதவீதம். உங்கள் 0.16-இல் அது 15 சதவீதம். மதியம் ஏறி இரவு இறங்கும் தவழ்வு வளைவு வருகிறதா? அது தவழ்வு இல்லை, அறையின் வெப்பமானி. துண்டுக்குப் பக்கத்தில் சுமையில்லாத இன்னொரு துண்டைத் தொங்கவிட்டு, அதன் நீளத்தையும் பதிந்து கழித்துவிடுங்கள். ஆனால் விரிவு மட்டும்தான் இதில் கழியும். வெப்பம் தவழ்வின் வேகத்தை மாற்றுவது கழியாது. ஆகவே வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவதற்கு மாற்று கிடையாது.

மற்ற கோளாறுகளை அவற்றின் தடயத்தை வைத்தே பிடிக்கலாம். முதல் சில நிமிடங்களில் திரிபு படிப்படியாகக் குதித்தால் பிடிப்பான் வழுக்குகிறது. துண்டின் முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறு திரிபைக் காட்டினால் சுமை நடுவில் இல்லை, துண்டு வளைகிறது. இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பிடிப்பானைத் திருத்துங்கள். ஒட்டும் ஸ்ட்ரெயின் கேஜை (நீளும்போது மின்தடை மாறும் மெல்லிய உலோகத் தாளை) பாலிபுரொப்பிலீனில் ஒட்ட முயல வேண்டாம். பசை பிடிக்காது. பிடித்தாலும் உலோகத் தாள் அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும், மின்னோட்டம் சூடாக்கிவிடும். கத்திமுனை வைத்து அளப்பவர்கள் முனை பிளாஸ்டிக்கில் பதிகிறதா என்று சோதனைக்குப் பின் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

சுமையை ஒரே சீராக 1 முதல் 5 வினாடிக்குள் ஏற்றுங்கள். அதிர்ந்து விழக்கூடாது. ஏற்ற எடுத்துக்கொண்ட நேரத்தைப்போல் பத்து மடங்கு கழிந்த பிறகு வரும் புள்ளிகளை மட்டும் நம்புங்கள். பிறகு 1, 3, 6, 12, 30 நிமிடம், 1, 2, 5, 10, 20, 50, 100 மணி என்று மடக்கை அளவில் பதிந்தால் போதும். ஒவ்வொரு தகைவுக்கும் புதுத் துண்டு. குறைந்தது ஒரு தகைவிலாவது மூன்று துண்டு செய்து சிதறலைத் தெரிந்துகொள்ளுங்கள். துண்டுக்குத் துண்டு 5 சதவீதம் வேறுபட்டால், 5 சதவீத விலகலை நேரிலித் தன்மை என்று எழுத முடியாது.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால் சமநேர வளைவு (ஒரே நேரப் புள்ளியில் பல தகைவுகளின் திரிபு) எடுங்கள். எங்களைக் கேட்டால், நேரம் இருந்தாலும் முதலில் இதைத்தான் எடுக்கச் சொல்வோம். ஒரே துண்டு. முதல் தகைவை 100 வினாடி ஏற்றி, திரிபைப் பதிந்து, இறக்கி, 400 வினாடி ஓய்வு. அடுத்த தகைவு, மறுபடி 100 வினாடி. இப்படியே மேலே போகலாம். நான்கு மடங்கு ஓய்வு எதற்கு என்றால், தவழ்வு நேரத்தின் 0.1 அடுக்கில் வளரும் பொருளில் அந்த ஓய்வுக்குப் பின் தவழ்வில் எஞ்சி நிற்பது 2.6 சதவீதம்தான். அடுக்கு 0.2 என்றால் 6 சதவீதம் எஞ்சும், அப்போது ஓய்வை நீட்டுங்கள்.

கணக்குக்காக, நாங்கள் எடுத்துக்கொண்ட எண்கள்: 2, 4, 6, 8, 10 மெகாபாஸ்கலில் 100 வினாடித் திரிபு முறையே 0.160, 0.328, 0.516, 0.736, 1.00 சதவீதம். இவற்றை அப்படியே வரைந்தால் கோடு நேராக இருப்பதுபோலத்தான் தோன்றும். திரிபைப் பின்னமாக்கி (0.160 சதவீதம் என்றால் 0.0016), கிகாபாஸ்கலில் எழுதிய தகைவால் வகுத்துப் பாருங்கள்: ஒரு கிகாபாஸ்கலுக்கு 0.80, 0.82, 0.86, 0.92, 1.00. இப்போது வளைவு பளிச்சென்று தெரிகிறது. 5 சதவீதம் விலகலாம் என்றால் 0.84 வரை சரி. அது சுமார் 5 மெகாபாஸ்கலில், 0.42 சதவீதத் திரிபில் வருகிறது. பாதிப் படிகப் பாலிமர்களில் அரை சதவீதத்தை ஒட்டிய இடத்திலேயே நேரியல் எல்லை முடிவது சாதாரணம்.

கேள்வி: சுமையை எடுத்தபின் துண்டு திரும்பிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருந்தால், எஞ்சியதை நிரந்தரம் என்று எழுதலாம்?

பதில்: சுமை இருந்த நேரத்தை அலகாக வைத்துச் சிந்தியுங்கள். நேரியல் பொருளில், அடுக்கு 0.1 என்றால், 100 மணி சுமை, 100 மணி ஓய்வு என்று விட்டபின் தவழ்வில் 7 சதவீதம் இன்னும் திரும்பாமல் நிற்கும். அது நிரந்தரம் இல்லை, திரும்பும் வழியில் இருக்கிறது.

தகைவு அதிகமாக இருந்தால் கணக்கு மாறும். சுமையின் கீழ் பொருளின் உள் கடிகாரம் வேகமாக ஓடுகிறது. இரண்டு மடங்கு வேகம் என்றால், 100 மணி சுமையை அது 200 மணியாக அனுபவித்திருக்கிறது. சுமை இறங்கியதும் கடிகாரம் பழைய வேகத்துக்கு வந்துவிடும். அதே 7 சதவீதத்துக்கு வர 200 மணி ஓய்வு வேண்டும். 100 மணியில் பார்த்தால் சுமார் 11 சதவீதம் நிற்கும். இதைப் பார்த்து நிரந்தர உருமாற்றம் என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. சுமை நேரத்தைப்போல் பத்து மடங்காவது ஓய்வு கொடுத்து, மீதமுள்ள திரிபை மடக்கை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். வளைவு இன்னும் பூஜ்யத்தை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தால் காத்திருங்கள். பூஜ்யத்துக்கு மேலேயே மட்டமாகப் படுத்துவிட்டால் அந்த உயரம்தான் நிரந்தரப் பங்கு.

கேள்வி: தரவுத்தாளில் யங் குணகம் (தகைவைத் திரிபால் வகுத்த விறைப்பு எண்) 1500 மெகாபாஸ்கல் என்று இருக்கிறது. அதை வைத்து வடிவமைத்த பாகம் ஒரு வருடத்தில் வளைந்துவிட்டது. தரவுத்தாள் பொய்யா?

பதில்: பொய் இல்லை, வேறு கேள்விக்கான பதில். அந்தக் குணகத்தை நிமிடத்துக்கு 1 மி.மீ. வேகத்தில் இழுத்து, 0.05 முதல் 0.25 சதவீதத் திரிபுக்குள் அளக்கிறார்கள். 0.25 சதவீதம் வர ஏறக்குறைய கால் நிமிடம் ஆகும். ஆகவே அது கால் நிமிடக் குணகம். அதுவும் நேரியல் எல்லைக்குள். நீங்கள் வைத்த சுமையோ ஒரு வருடம், எல்லைக்கு வெளியே. பாலிபுரொப்பிலீனில் 1000 மணி நேரத் தவழ்வுக் குணகம் தரவுத்தாள் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்குவதுண்டு. தயாரிப்பாளரிடம் சமநேரத் தகைவு–திரிபு வளைவுகளைக் கேளுங்கள். உங்கள் வெப்பநிலை, உங்கள் கால அளவு, உங்கள் தகைவு மூன்றும் சந்திக்கும் புள்ளியில் திரிபைப் படித்து, தகைவை அதனால் வகுத்து வரும் எண்ணைப் போடுங்கள்.

கேள்வி: கண்ணாடி இழை 30 சதவீதம் சேர்த்தால் இந்தப் பிரச்சினை தீருமா?

பதில்: இழை ஓடும் திசையில் பெருமளவு குறையும். குறுக்கே இழுத்தால் பாதிக் குணம் பழையபடி பாலிமருடையதுதான். வார்ப்பில் இழை எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று தெரியாமல் நம்ப வேண்டாம்.

கேள்வி: சேப்பரி மாதிரியின் நான்கு சார்புகளையும் தவழ்வு வளைவுகளிலிருந்தே பொருத்தினேன். பொருத்தம் அருமை. ஆனால் வேறொரு சுமை வரலாற்றைக் கணிக்கச் சொன்னால் தப்பாக வருகிறது.

பதில்: தவழ்வு வளைவு எத்தனை இருந்தாலும் நான்கையும் பிரிக்க முடியாது. இந்த மாதிரி (ரிச்சர்ட் சேப்பரி, 1969) போல்ட்ஸ்மன் விதியை எடுத்துக்கொண்டு அதில் தகைவைச் சார்ந்த நான்கு திருத்தங்களைச் செருகுகிறது. ஜி-0 உடனடி மீள்மையைத் திருத்தும். ஜி-1 தவழ்வுப் பங்கின் அளவையும் ஜி-2 சுமை ஏறும் விதத்தின் விளைவையும் திருத்தும். நான்காவது, தகைவுக் கடிகாரம். முன் பதிலில் சொன்ன உள் கடிகாரத்தின் வேகம் இதுதான். நான்கும் 1 என்றால் போல்ட்ஸ்மனே திரும்பி வந்துவிடுவார்.

மாறாத சுமையில் ஜி-1, ஜி-2 இரண்டும் பெருக்கலாகவும் கடிகாரக் காரணி அடுக்கோடு வகுத்தலாகவும் ஒரே எண்ணுக்குள் ஒட்டிக்கொண்டுதான் வரும். கணினி அந்த ஒரே எண்ணைக் கோடி விதத்தில் மூன்றாகப் பிரித்துத் தரும். எல்லாமே தவழ்வு வளைவுக்குப் பொருந்தும். எது சரி என்று மீட்சி வளைவுதான் (சுமையை எடுத்தபின் துண்டு திரும்புவதன் வளைவு) சொல்லும், ஏனென்றால் சுமையில்லாதபோது ஜி-1 1 ஆகிவிடுகிறது, கடிகாரமும் பழைய வேகத்துக்கு வந்துவிடுகிறது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் நேரியல் எல்லைக்குள் ஒரு தவழ்வு, ஒரு மீட்சி எடுத்து, அதிலிருந்து அடுக்கையும் உடனடி இணக்கத்தையும் கண்டுபிடித்துப் பூட்டிவிடுங்கள். இதன்பின் அடுக்கை அசைக்கக்கூடாது. ஒவ்வொரு தகைவிலும் அடுக்கைப் புதிதாகப் பொருத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் மற்ற நான்கும் அதன் பிழையைச் சுமக்கும். பிறகு ஒவ்வொரு உயர்ந்த தகைவிலும் மீட்சி வளைவை முதலில் பொருத்துங்கள். கடிகாரக் காரணி கிடைக்கும், கூடவே தவழ்வுப் பங்கை ஜி-1-ஆல் வகுத்த அளவும் கிடைக்கும். தவழ்வுப் பங்கு உங்களிடம் ஏற்கெனவே இருப்பதால் ஜி-1 வெளியே வந்துவிடும். தவழ்வு வளைவுக்குத் திரும்பி ஜி-0, ஜி-2 இரண்டையும் எடுங்கள்.

இதெல்லாம் துண்டு பூஜ்யத்துக்குத் திரும்பினால்தான். நிரந்தரத் திரிபு இருந்தும் அதைக் கழிக்காமல் பொருத்தினால், கடிகாரக் காரணி அந்தப் பொய்யை உள்வாங்கிக்கொண்டு அபத்தமாகச் சிறுத்துவிடும். ஸாபாஸும் கிரிஸ்மனும் 1984-இல் அதிமூலக்கூறு எடைப் பாலிஎத்திலீனுக்குக் காட்டியபடி நிரந்தரப் பங்கைத் தனி உறுப்பாகப் பிரித்து, அதைத் தகைவு, சுமை நேரம் இரண்டின் சார்பாக எழுதிக் கழித்துவிடுங்கள்.

கடைசியில், பொருத்தலில் சேராத ஒரு சோதனையை வைத்துச் சோதியுங்கள். 4 மெகாபாஸ்கல் ஒரு மணி, 8 ஒரு மணி, மறுபடி 4 ஒரு மணி என்று ஏற்றி இறக்கிப் பாருங்கள். அந்த மூன்றாவது மணியைச் சரியாகக் கணித்தால் மாதிரியை நம்பலாம். மூன்றாவது மணியில் திரிபு கொஞ்ச நேரம் குறைந்து பிறகு மறுபடி ஏறும். பல மாதிரிகள் அந்த வளைவில்தான் சறுக்குகின்றன.

கேள்வி: 23, 40, 60, 80 டிகிரியில் எடுத்த குறுகியகால வளைவுகளை நகர்த்தி 10 வருடத்துக்கான முதன்மை வளைவு (சூட்டில் சீக்கிரம் நடப்பதைக் குளிரில் நீண்ட காலத்தில் நடப்பதாக எடுத்து ஒட்டும் ஒரே வளைவு) கட்டப் பார்க்கிறேன். பக்கவாட்டில் எவ்வளவு நகர்த்தியும் சேரவில்லை.

பதில்: சேராமல் போனதற்கு மகிழுங்கள். சேராததை இழுத்துச் சேர்த்திருந்தால் 10 வருடக் கணிப்பு பொய்யாகியிருக்கும். பாதிப் படிகப் பொருளில் மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். சூடேற்றும்போதே மெல்லிய தகடுகள் தடித்துக்கொள்கின்றன, சில உருகுகின்றன. அப்போது ஒரே பொருளைச் சோதிக்கவில்லை நீங்கள். எல்லாத் துண்டுகளையும் உங்கள் அதிகபட்சச் சோதனை வெப்பநிலைக்கு மேலே, 100 டிகிரி போல, சில மணி நேரம் பதப்படுத்தி மெல்லக் குளிரவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். 80-இல் முடித்த துண்டை மறுபடி 23-க்குக் கொண்டுவந்து முதல் வளைவைத் திரும்ப எடுங்கள். பழையதன்மேல் விழவில்லையா, அந்தத் தொகுப்பைத் தூக்கிப்போடுங்கள். இரண்டாவது, படிக அளவு வெப்பத்தோடு மாறுவதால் செங்குத்து நகர்வும் வேண்டும். அதைக் கண்ணால் முடிவுசெய்யாமல், அதிர்வுச் சோதனையின் குணக மாற்றத்திலிருந்து எடுங்கள். மூன்றாவதைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள்: 3 மெகாபாஸ்கல் 23 டிகிரியில் நேரியல், 80 டிகிரியில் இல்லை. நேரியல் எல்லை வெப்பம் ஏற ஏறக் கீழே வரும். அதிகபட்ச வெப்பநிலையில் எல்லையைக் கண்டு, எல்லாச் சோதனைக்கும் அதற்குக் கீழான தகைவை வையுங்கள்.

கேள்வி: நேற்று வார்த்த துண்டும் போன மாதம் வார்த்த துண்டும் ஏன் ஒத்துப்போவதில்லை?

பதில்: வார்த்து முடித்தபிறகும் பாலிபுரொப்பிலீனில் படிகமாதல் மெதுவாகத் தொடர்கிறது, படிகங்களுக்கு இடையே இறுகியிருக்கும் பகுதிகள் முதுமையும் அடைகின்றன. நாள் ஆக ஆகத் தவழ்வு மெதுவாகும். ஆகவே துண்டின் வயதையும் வெப்பநிலை மாதிரி ஓர் அளவாகவே எழுதுங்கள். சோதனை நேரம் வயதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் முதுமை குறுக்கிடாது. 10 நாள் துண்டில் ஒரு நாள் சோதனை செய்யலாம், ஒரு மாதச் சோதனை செய்தால் வளைவின் பின்பாதி தானாகவே மட்டமாகும். பிளாஸ்டிக் நிலைபெற்றுவிட்டது என்று அதைப் படிக்கக்கூடாது.

நைலானில் இதோடு ஈரமும் சேர்ந்துகொள்ளும். நைலான் 6, 50 சதவீத ஈரப்பதத்தில் இரண்டரை முதல் 3 சதவீதம் தண்ணீர் குடிக்கும். உலர்ந்தபோது 3000 மெகாபாஸ்கல் அளவிலிருந்த குணகம் 1000 பக்கம் விழும். 4 மி.மீ. துண்டு அறை வெப்பநிலையில் நடு வரை ஈரம் சமமாக மாதக்கணக்கில் ஆகும். துண்டை எடைபோட்டு எழுதாமல் நைலானின் எந்த எண்ணையும் அறிக்கையில் போட வேண்டாம்.

கேள்வி: பிளாஸ்டிக் மூடியைத் திருகாணியால் இறுக்கினால் சில நாளில் தளர்ந்துவிடுகிறது. இன்னும் பலமாக இறுக்கலாமா?

பதில்: வேண்டாம். அடுக்கு 0.1 உள்ள பொருளில், இறுக்கி ஒரு நிமிடம் கழித்து இருந்த விசையில் ஒரு நாளில் பாதி போய்விடும். ஒரு வருடத்தில் 27 சதவீதம் மிஞ்சும். இது நேரியல் கணக்கு. பலமாக இறுக்கினால் தலைக்குக் கீழே தகைவு எல்லையைத் தாண்டும், கடிகாரம் வேகமெடுக்கும், கூடுதலாகக் கொடுத்ததை முதல் மணி நேரத்திலேயே இழந்துவிடுவீர்கள். மிச்சத்துக்கு நிரந்தரக் குழி விழும்.

துளைக்குள் உலோகக் குழல் ஒன்றைச் செருகுங்கள். அதன் உயரம் பிளாஸ்டிக்கின் தடிமனை விட மயிரிழை குறைவாக இருக்கட்டும். திருகாணித் தலை பிளாஸ்டிக்கைச் சற்று அழுத்தியதும் உலோகத்தில் உட்காரும், விசையை உலோகம் தாங்கும். குழலுக்கு இடமில்லை என்றால் தலைக்குக் கீழே அகல வாஷர், அதன்மேல் கிண்ண வடிவ ஸ்பிரிங் வாஷர். பிளாஸ்டிக் அமுங்க அமுங்க வாஷர் விரிந்து விசையை ஓரளவு காக்கும். ஒரு நாள் கழித்து ஒரே ஒரு முறை மறுபடி இறுக்கலாம். வாரா வாரம் இறுக்கினால் பிளாஸ்டிக்கைத் தவணை முறையில் பிழிகிறீர்கள்.

கேள்வி: 50 வருடம் நிற்கும் என்று பாலிஎத்திலீன் குழாய்க்கு எப்படிச் சொல்கிறார்கள்? 50 வருடம் யார் காத்திருந்தார்கள்?

பதில்: குழாய்க்கு யாரும் காத்திருக்கவில்லை. தவழ்வுக்கு ஒருவர் காத்திருந்தார்: வில்லியம் ஃபிண்ட்லி 26 வருடம் தொடர்ந்த பிவிசி, பாலிஎத்திலீன் சோதனையை 1987-இல் வெளியிட்டார். அவருடைய அடுக்கு விதி இன்றும் கைகொடுக்கிறது.

குழாய்க்கு வேறு வழி. 20, 60, 80 டிகிரியில் வெவ்வேறு அழுத்தத்தில் உடையும் நேரத்தை 10,000 மணி அளவுக்கு எடுத்து, புள்ளியியல் முறைப்படி நீட்டுகிறார்கள். பி.ஈ. 100 என்ற குழாய்ப் பாலிஎத்திலீன் பெயரில் உள்ள 100, குழாய்ச் சுவரில் 10 மெகாபாஸ்கலை (100 பார்) 20 டிகிரியில் 50 வருடம் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. தண்ணீருக்கு அதை 1.25-ஆல் வகுத்து 8 மெகாபாஸ்கலில் வடிவமைக்கிறார்கள். சாதாரண இழுவைச் சோதனையில் இதே பொருள் 20 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். 80 டிகிரிச் சோதனை வேகத்துக்காக மட்டுமில்லை. நீண்ட காலத்தில் குழாய் உப்பி உடைவதை விட்டு, இணைப்புச் சங்கிலிகள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு மெல்லிய விரிசலாக உடைய ஆரம்பிக்கும். கோடு அங்கே முழங்கால் மாதிரி மடங்கும். அந்த மடிப்பு எங்கே என்று சூடான சோதனையில்தான் சீக்கிரம் தெரியும்.

கேள்வி: டெஃப்ளான் துண்டில் மட்டும் காலை அளவும் மதிய அளவும் கொஞ்சமும் ஒத்துவருவதில்லை. மற்ற பிளாஸ்டிக்குகளுக்கு இதே கருவி சரியாக இருக்கிறது.

பதில்: காலையில் அறை எத்தனை டிகிரி? டெஃப்ளானின் படிகம் 19 டிகிரியில் ஒரு முறையும் 30 டிகிரியில் ஒரு முறையும் தன் சங்கிலிகளின் அடுக்கமைப்பை மாற்றிக்கொள்கிறது. 19-இல் கனஅளவு 1 சதவீதத்துக்கு மேல் கூடும். காலை 18, மதியம் 24 என்றால் நீங்கள் இரண்டு வேறு படிகங்களை அளக்கிறீர்கள். அறையை 23-இல் நிறுத்தி, துண்டை முந்தைய இரவிலிருந்தே அங்கே வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள்.